வீட்டுல ஓடுது, லேப்ல ஓடல: ப்ரோலாக் கோடை எங்கேயும் ஓட வைக்கிறது எப்படி?

சேலத்துல எம்சிஏ படிக்கிற ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. நாமக்கல் லாரிகளுக்கு லோடு பொருத்திக் கொடுக்கிற ப்ராஜெக்ட், ப்ரோலாக்ல எழுதினது. எந்த வண்டி எந்த ஊருக்குப் போகும், எத்தனை டன் ஏத்தலாம்னு விதிகளைக் கொடுத்துட்டா, பொருத்தமான வண்டியை அதுவே தேடிச் சொல்லும். வீட்டு லேப்டாப்ல எஸ்டபிள்யூஐ ப்ரோலாக், அருமையா ஓடுது. காலேஜ் லேப்ல ஜிஎன்யூ ப்ரோலாக். முதல் கேள்வியிலேயே, ‘ஸ்ப்ளிட் ஸ்ட்ரிங்’னு ஒண்ணு இங்க இல்லைன்னு சொல்லி நின்னுடுச்சு. நாலு நாள்ல டெமோ. "என் லாஜிக் தப்பா?"னு கேட்டாங்க.

லாஜிக் சரிதாங்க. ப்ரோலாக் 1972-ல பிரான்ஸ்ல, மார்சேல்ல பிறந்தது. அதுக்கு ஐஎஸ்ஓ தரம் வந்தது 1995-ல. அதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு ப்ரோலாக் கட்டிட்டாங்க. தரமும் சில விஷயங்களை அவங்கவங்க முடிவுக்கே விட்டுடுச்சு.

டபுள் கோட்ஸுக்குள்ள சேலம்னு எழுதுங்க. எஸ்டபிள்யூஐ 7-ல இருந்து அது ஸ்ட்ரிங். ஜிஎன்யூவுல அது எண்களோட பட்டியல். நீளம் கேட்டா இன்னும் வேடிக்கை. நமக்கு 3 எழுத்து, யூனிகோட் கணக்குல 5, பைட்டா எண்ணுற சிஸ்டத்துல 15!

அப்போ என்ன செய்யலாம்? ஊர்ப் பெயர்களை சிங்கிள் கோட்ஸ்ல, ஆட்டமா எழுதுங்க. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், நீளம் எண்ண வேண்டாம். டபுள் கோட்ஸ் தேவைன்னா, அதுக்கான ஃபிளாகை ஃபைல் தொடக்கத்திலேயே சொல்லிடுங்க. தரத்துல இல்லாத ப்ரெடிகேட்டை எல்லாம் ஒரே சின்ன ஃபைலுக்குள்ள ஒதுக்குங்க. சிஸ்டத்துக்கு ஒண்ணா அந்த ஃபைல் மட்டும் மாறட்டும். பாவ்லோ மௌரா உருவாக்கின லாக்டாக் பல ப்ரோலாக்ல ஓடுறதும் இப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடாப்டர் ஃபைல் வெச்சிருக்கு.

நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. சேஸிஸ் மாறினா அளவு மாறும், போல்ட் போடுற இடம் மாறும். அதுக்காகத் தொழிலையே புதுசாக் கத்துக்க மாட்டாங்க.

அவங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. ஊர்ப் பெயரை ஆட்டமா மாத்தினாங்க, ஸ்ட்ரிங் வேலையைத் தனி ஃபைல்ல வெச்சாங்க. லாரி விதிகள்ல கை வைக்கவே இல்ல. டெமோ லேப் மெஷின்லயே ஓடுச்சு.

ஒண்ணே ஒண்ணு: ரெண்டாவது ப்ரோலாக்ல ஓட்டிப் பார்க்கிறதை டெமோ வாரம் வரைக்கும் தள்ளாதீங்க. முதல் நாளே பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.