எழுத்தெண்ணி எழுதுதல்

நூலுக்குரிய அழகுகள் பத்து என வகுத்த பவணந்தி முனிவர், சுருக்கத்தை முதலிலும் தெளிவை அதற்கு அடுத்தும் வைத்தார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் அதனை மனப்பாடம் செய்தோம். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளையும் மனப்பாடம் செய்வித்தோம். ஆயினும் சுருக்கத்துக்கு ஓர் எல்லைக்கல் நட்டு, 'இதற்குமேல் ஓர் எழுத்தும் ஏலாது' என்று கதவைச் சாத்திய இலக்கண ஆசிரியர் எவரும் இல்லை. அந்த வேலையை இந்த நூற்றாண்டில் இயந்திரம் செய்தது.

குறும்பதிவு என்பதைப் பற்றியே சொல்கிறேன். ஒருவர் இரண்டு மூன்று வரிகளில் ஒன்றை எழுதுகிறார். அவரைப் பின்தொடர்வோர் எங்கிருந்தாலும் அடுத்த நொடியில் அதனைக் காண்கின்றனர். அவ்வளவே அதன் இலக்கணம். இதற்கெனப் பிறந்த முதற்பெருந்தளம் 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ட்விட்டர். அதில் எழுதுவதைத் தமிழர் 'கீச்சு' என்று அழகாகப் பெயரிட்டு வழங்கினர். 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறியது. குருவியும் சின்னத்தினின்று பறந்து போயிற்று. கீச்சு என்ற சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

திருவண்ணாமலையில் ஓய்வு பெற்று இருக்கும் எனக்கு இத்தகைய தளங்களில் என்ன வேலை என்று சிலர் வினவுவர். நாள்தோறும் காலையில் ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து அதன் பொருளையும் வழக்கையும் சில வரிகளில் எழுதி வருகிறேன். ஊர்ச் செய்தியும் அங்கேயே படிக்கிறேன். ஆகவே எந்தக் கருவி நல்லது, எது தீது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை எனக்கு உண்டாயிற்று. நிறத்தையும் படத்தையும் வைத்து நான் ஒப்பிடவில்லை. நம் எழுத்தை அது எவ்வாறு எண்ணுகிறது, எழுதியதை எந்த வரிசையில் காட்டுகிறது, அது மூடப்பட்டால் எழுதியதன் கதி என்ன? இவையே என் கேள்விகள்.

முதலில் எண்ணிக்கை. தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குக் காசு. நம் நாட்டில் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு நின்றது. கைப்பேசிக் குறுஞ்செய்தியோ எழுத்தை எண்ணிற்று. உரோமன் எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். ட்விட்டர் இந்தக் குறுஞ்செய்தியின் வழியே செல்லுமாறு அமைக்கப்பட்டமையால், எழுதுவோர் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, மீதியுள்ள 140-ஐ எல்லையாக வைத்தது. பலர் எண்ணுவது போல் அந்த 140 ஏதோ ஓர் அறிஞர் ஆராய்ந்து கண்ட அளவன்று, குறுஞ்செய்தியின் மிச்சம்.

அதே குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்தில் எழுதப் புகுந்தால் 160 என்பது 70 ஆகிவிடும். உரோமன் எழுத்து ஒவ்வொன்றும் ஏழு துகளில் அடங்க, தமிழ்க்குறி ஒவ்வொன்றும் பதினாறு துகள் கேட்கிறது. பொதியின் அளவோ மாறாது. எங்கள் ஊர்ப் பெயரை ஐந்து முறை எழுதினால் ஆறாவது முறைக்கு இடம் இராது. ஒரே செய்தியைத் தமிழில் அனுப்ப இருமடங்கு செலவு என்றால், இளைஞர் என்ன செய்வர்? 'நலமா' என்பதை உரோமன் எழுத்தில் தட்டினர். பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பற்றில்லை என்று மேடைதோறும் கடிந்துகொண்டோம். அந்த ஏழு துகள், பதினாறு துகள் கணக்கை எவரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. செலவு குறைந்த பின்னும் பழக்கம் நின்றுவிட்டது. இன்றும் தங்கைக்கு அண்ணன் எழுதும் தமிழ், பாதி உரோமன் எழுத்தில்தான் போய்ச் சேர்கிறது.

இனி, குறும்பதிவுத் தளம் தமிழை எண்ணும் விதம் வேடிக்கையானது. கணினி உலகின் பொதுக் குறியீடாகிய யூனிகோடு, அகரம் ஏறிய மெய்யை ஓர் இடமாக வைத்து, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனி இடங்களாக வைத்துள்ளது. ஆகவே 'க' ஒன்று, 'கி' இரண்டு, 'க்' என்பதும் இரண்டு. இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை. ஒலிப்பில் பாதி பெறுகின்ற எழுத்துக்கு எண்ணிக்கையில் இரட்டை வரி! திருவண்ணாமலை என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. இயந்திரக் கணக்கில் பன்னிரண்டு. தமிழ் என்னும் மூன்றெழுத்து அங்கே ஐந்து.

இதனால் தமிழனுக்கு நட்டம் என்று உடனே கொதித்தெழ வேண்டுவதில்லை. எங்கள் ஊர்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் பதினான்கு எழுத்து ஆகிறது. பன்னிரண்டு அதனினும் குறைவே. குறுஞ்செய்தியில் இழந்ததைப் போல ட்விட்டரில் நாம் இழக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் எல்லையும் 280 ஆயிற்று. என் குறை வேறு. எழுதுகின்ற பிள்ளை, திரையோரத்தில் குறையும் எண்ணைப் பார்க்கிறான். ஓர் எழுத்தைத் தட்டுகிறான். எண் இரண்டு குறைகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று வகுப்பில் நாம் கற்பித்தது ஒன்று, கருவி கற்பிப்பது மற்றொன்று என்றால் அவன் எதனை நம்புவான்?

தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் கொடுக்கும் முறையும் உண்டு. டேஸ் 16 என்னும் அக்குறியீட்டை 2010-ஆம் ஆண்டில், யூனிகோடோடு மாற்று முறையாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஆனால் உலகத் தளங்கள் யாவும் யூனிகோடின் வழியே நடக்கின்றன. ஆதலால் அது குறும்பதிவுக்கு உதவவில்லை. உதவியது வேறொன்று. ப்ளூஸ்கை என்னும் தளம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், அழைப்பின்றி எவரும் சேரலாம் என்று திறந்துவிடப்பட்டது. அதன் எல்லை 300. அந்த 300-ஐக் குறியாக எண்ணாமல், கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதை ஓரெழுத்தாகவே அது எண்ணுகிறது. 'கி' அங்கே ஒன்று, 'க்' ஒன்று, திருவண்ணாமலை ஏழே எழுத்து. தொல்காப்பியர் வழியில் எண்ண வேண்டுமென்று அவர்கள் கருதியிருக்க மாட்டார்கள். எனினும் நம் பள்ளிக் கணக்கோடு அது ஒத்துப் போகிறது. காலைச் சொல்லை எழுத நான் அதனையே முதலில் திறக்கிறேன்.

எழுதுவதற்குக் கைப்பேசியை விட மேசைக் கணினியே எனக்கு உகந்தது. தமிழ் 99 விசைப்பலகையில் பத்து விரலும் வேலை செய்யும். சந்திப் பிழையும் பெரிய திரையில் கண்ணில் படும். கைப்பேசியில் கட்டைவிரல் ஒன்றே உழைப்பதால் ஒற்று மிகும் இடத்தில் மிகுவதில்லை. செல்லினம் போன்ற நல்ல உள்ளீட்டுச் செயலிகள் வந்து நெடுங்காலமாயிற்று; குறை செயலியில் இல்லை, கட்டைவிரலின் பொறுமையின்மையில் உள்ளது.

படிப்பதற்கு மேசைக் கணினியில் ஒரு காலத்தில் ட்வீட்டெக் என்னும் கருவி இருந்தது. 2008-இல் இயன் டாட்ஸ்வொர்த் என்பவர் செய்தது. 2011-இல் ட்விட்டர் நிறுவனமே அதனை வாங்கிக்கொண்டது. திரையைப் பத்திரிகையின் பத்திகளைப் போலப் பிரித்து, ஒரு பத்தியில் அரசு அறிவிப்பு, ஒன்றில் நண்பர், ஒன்றில் நாம் தேடும் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்தியிலும் புதியது மேலே, பழையது கீழே. அக்கருவி 2023-இல் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் என்று ஆயிற்று.

புதியது மேலே, பழையது கீழே என்பது சிறு வசதி போலத் தோன்றும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை எங்கள் ஊரார் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயலின் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடிக் குழந்தைகள் உட்பட எழுவர் மாண்டனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. அணையின் வெளியேற்றம் மணிக்கு மணி மாறுவது. கரையோரம் இருப்பவனுக்கு நள்ளிரவு அறிவிப்பு ஒன்று, விடியற்காலை அறிவிப்பு வேறொன்று. ஆனால் இன்றைய செயலிகளுட் பல, திறந்தவுடன் காட்டுவது காலவரிசையை அன்று. பலர் விரும்பியதை முன்னும், பலர் காணாததைப் பின்னும் வைக்கின்றன. அந்நாட்களில் என் கைப்பேசியில் ஒரு செயலி, முந்திய நாள் எடுத்த மலைச்சரிவுப் படத்தையே மேலே நிறுத்தி வைத்திருந்தது. அதற்கு ஆயிரக்கணக்கானோர் வருந்தியிருந்தனர். ஆகவே அது முதலிடம் பெற்றது. சற்றுமுன் வந்த வெள்ள எச்சரிக்கையைக் காண விரலால் நெடுந்தூரம் தள்ள வேண்டியிருந்தது. பரபரப்புக்கு அவ்வரிசை பொருந்தலாம், வெள்ளத்துக்குப் பொருந்தாது. ப்ளூஸ்கையிலும் மாஸ்டடானிலும் நாம் பின்தொடர்வோர் எழுதியது காலவரிசையில் வருகிறது. எக்ஸ் தளத்தில் 'உங்களுக்காக' என்ற பக்கம் தன் மதிப்பீட்டின்படி வரிசை வைக்கிறது. அரசுத் துறைகளின் அறிவிப்புகள் பலவும் அங்கேயே வருவதால் அத்தளத்தை விடவும் முடியவில்லை. உரிய துறையின் பக்கத்தையே நேரே திறந்து, தேதியையும் மணியையும் பார்த்த பின்பே நான் பிறர்க்குச் சொல்கிறேன்.

கைப்பேசிச் செயலிகளின் கதை சற்றே வருத்தந் தருவது. ட்விட்டருக்குக் குருவியை முதலில் சின்னமாகக் கொண்டது ட்விட்டர் அன்று. 2007-இல் வெளிவந்த ட்விட்டரிஃபிக் என்னும் வெளியார் செயலி. திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதிய செய்தி வருகிறதல்லவா? அதனை முதலில் செய்தவர் ட்வீட்டி என்னும் செயலியைச் சமைத்த லோரன் பிரிக்டர். இன்று வங்கிச் செயலி முதல் இரயில் செயலி வரை யாவும் அதனைப் பின்பற்றுகின்றன. இவ்வாறு வீட்டுக்கு வாசலும் சன்னலும் வைத்துக் கொடுத்தவர்களை 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வீட்டுக்காரர் வெளியேற்றினார். ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் ஆகியவை முன்னறிவிப்பின்றி ஓரிரவில் வேலை செய்யாது நின்றன.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரில் அப்ரமேய ராதாகிருஷ்ணா, மயங்க் பிடாவத்கா ஆகிய இருவர் 2020-இல் கூ என்னும் தளத்தைத் தொடங்கினர். கன்னடத்தில் தொடங்கித் தமிழ் முதலிய மொழிகளுக்கும் அது விரிந்தது. மஞ்சள் நிறப் பறவை அதன் சின்னம். ஒரு மொழியில் எழுதியதைப் பல மொழிகளில் ஒருசேர வெளியிடவும் அது வழி செய்தது. ஆங்கிலமே வாசலாக இருந்த இவ்வுலகில், தமிழனைத் தமிழ் வாசல் வழியே உள்ளே அழைத்தமைக்காக அதனை நான் இன்றும் மதிக்கிறேன். 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பொருள் முட்டுப்பாட்டால் அது மூடப்பட்டது. அங்கே நம் மொழியில் எழுதப்பட்ட வாழ்த்தும் வழக்கும் கவிதையும் இன்று இருந்த இடத்தில் இல்லை.

எங்கள் கோயில் மதிலில் சோழர் காலத்துக் கல்வெட்டும், ஹொய்சள வல்லாளர் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. இன்ன ஊரான் விளக்கெரிக்க இத்தனை ஆடு கொடுத்தான் என்பது போன்ற சிறு செய்திகள்தாம் அத்தகைய கல்வெட்டுகளில் மிகுதி. அவையும் ஒருவகைக் குறும்பதிவே. கல்லை எவரும் ஓரிரவில் அணைத்துவிடவில்லை.

இந்த நிலையாமைக்கு மாற்றாக எழுந்தது மாஸ்டடான். 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்பவர் தொடங்கியது. இதனை அஞ்சலகத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். திருவண்ணாமலை அஞ்சலகமும் வேலூர் அஞ்சலகமும் வெவ்வேறு கட்டடம், வெவ்வேறு அதிகாரி; எனினும் இங்கிட்ட கடிதம் அங்கே போகிறது. அதுபோலப் பலர் பல இடங்களில் தத்தம் கணினியில் இதனை நடத்துகின்றனர். ஓரிடத்தில் இருப்பவர் மற்றோரிடத்தாரோடு பேசலாம். ஓரிடம் பிடிக்காவிட்டால், பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வேறிடம் போகலாம். முன்பு எழுதியவை மட்டும் கூடவே வாரா. அவற்றைக் கோப்பாக இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இதன் வழக்கமான எல்லை 500. எந்த இடத்தில் கணக்குத் தொடங்குவது என்ற முதற்படியிலேயே புதியவர் திகைப்பதுதான் இதன் குறை. இருவருக்கு இதனை நானே தொடங்கிக் கொடுத்தேன். ஒருவர் அடுத்த வாரமே மறந்துவிட்டார்.

எழுதியதைத் தொகுத்து இறக்கிக்கொள்ளும் வசதி எக்ஸ், ப்ளூஸ்கை ஆகிய தளங்களிலும் அமைப்புப் பக்கத்தில் உள்ளது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அதனைச் செய்து, காலைச் சொற்களைத் தனிக் கோப்பில் சேர்த்து, ஒரு படி அச்சிட்டும் வைக்கிறேன். அச்சிட்ட தாள் கொண்ட கட்டு, மேசை இழுப்பறையில் இப்போது இரண்டு விரற்கடை கனம் இருக்கும்.

தீபத் திருநாளன்று மட்டும் மேசைக் கணினி பயன்படாது. மலைமேல் தீபம் ஏறும் மாலை வேளையில், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் மக்கள் வெள்ளம். அத்தனை கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலைவரிசையைக் கேட்பதால் படம் போகாது, பேச்சும் அறுந்து போகும். அப்போது நான் கைப்பேசியில் உலாவியைத் திறந்து, படம் ஏதுமின்றி வெறும் எழுத்தில், எந்தத் தெருவில் நெரிசல், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று இரண்டு வரி எழுதுகிறேன். பொதி சிறிதாதலால் சற்றுத் தாமதித்தாவது அது போய்ச் சேருகிறது. அடியில் மணியையும் குறித்துவிடுகிறேன்.