விபத்தா? குற்றமா?

(ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்ணில் நின்று பேசுகிற எவனும் ஒரு தேதியை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பக்கத்தில் உள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகிப் போயின. காலையில் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போனவர்கள் மாலையில் வீடு திரும்பவில்லை.

மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின? "பட்டாசு ஆலை விபத்து" என்று எழுதின. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதாம், அதனால் வெடித்ததாம்! யார் கை உராய்ந்தது? செத்துப் போன தொழிலாளியின் கை. ஆக, செத்தவனே குற்றவாளி. இதைத்தான் நான் கேட்க வந்திருக்கிறேன். இது விபத்தா? குற்றமா?

உரிமம் ஒருவர் பெயரில், உயிர் இன்னொருவருடையது

பட்டாசுத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். சிறிய அளவு என்றால் மாவட்ட நிர்வாகம் தரும். பெரிய அளவு என்றால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் துறை தரும். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் விதிகளில் இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? உரிமம் வாங்கியவர் ஆலையைக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்கு எடுத்தவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். அச்சங்குளத்திலும் இப்படி உள்குத்தகை நடந்ததாகச் செய்திகள் வந்தன. உள்குத்தகைக்காரர் குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அதனால் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர்! அறைக்குள் இருக்க வேண்டிய மருந்து மரத்தடியில்! இப்படி ஒவ்வொரு கை மாறும்போதும் லாபம் மேலே போகிறது. ஆபத்து கீழே இறங்குகிறது. வெடித்த பிறகு பெரும்பாலும் முதலில் பிடிபடுகிறவர் போர்மேன்.

தெரிந்தே விதியை மீறி, தெரிந்தே ஆபத்தை அடுத்தவன் தலையில் ஏற்றி, அதில் பணம் பார்ப்பதற்குப் பெயர் விபத்தா?

சட்டத்தின் தராசு

2021இல் நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டில் திருடினால், பிரிவு 380இன்படி ஏழாண்டு வரை சிறை. கவனக்குறைவால் உயிரைப் போக்கினால், பிரிவு 304ஏயின்படி இரண்டாண்டு வரை சிறை. அல்லது வெறும் அபராதம். 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா இந்த இரண்டை ஐந்து ஆக்கியது. திருட்டுக்கு அதே ஏழுதான்! அண்டாவைத் தூக்கியவனுக்கு ஏழு. ஆளைக் கொன்றவனுக்கு ஐந்து. சிந்தித்துப் பாருங்கள்!

"இதைவிடக் கடுமையான பிரிவு இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மரணம் நேரும் என்று தெரிந்தே செய்தால் பத்தாண்டு வரை தண்டிக்கலாம். போபாலில் அந்தப் பிரிவுதான் முதலில் போடப்பட்டது. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றதே, நினைவிருக்கிறதா? 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கடுமையான பிரிவை 304ஏ ஆகக் குறைத்தது. 2010இல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது, உடனே ஜாமீன்! கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்காமலேயே 2014இல் இறந்து போனார்.

மறுபுறம் பாருங்கள். 1985 முதல் 1995 வரை தடா சட்டம் இருந்தது. குற்றம் நிரூபிக்கப்படாமலே பல்லாயிரம் எளிய மக்கள் ஜாமீனின்றிச் சிறையில் வாடினார்கள். ஆண்டர்சனோ, 1984இல் போபாலில் கைதான அன்றே ஜாமீனில் வெளியே வந்து நாட்டை விட்டே போய்விட்டார்!

அறிஞர் சொன்ன உண்மை

எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1939இல் ஓர் உரை நிகழ்த்தினார். குற்றம் என்றால் ஏழைகள் செய்வது என்றே அதுவரை அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "கோட்டுப் போட்டவர்களின் குற்றத்தை ஏன் எண்ணவில்லை?" என்பதே அவர் எழுப்பிய கேள்வி. எழுபது பெரிய கம்பெனிகளை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளையும் உத்தரவுகளையும் கண்டெடுத்தார். அவற்றில் குற்றவியல் நீதிமன்றங்கள் வழங்கியவை சுமார் ஆறில் ஒரு பங்குதான். மற்றவை எச்சரிக்கை, சமரசம், நஷ்டஈடு என்று முடிந்தன.

1949இல் அந்த ஆய்வு நூலாக வந்தபோது, வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர் கம்பெனிகளின் பெயர்களை நீக்கச் செய்தார். முழு நூல் வெளிவர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! குற்றத்தை ஆராய்ந்த நூலுக்கே இந்தக் கதி என்றால், குற்றத்திற்கு ஆளான ஏழையின் கதி என்ன? எது குற்றம், எது விபத்து என்று பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பெயர் குற்றப் பட்டியலில் வருவதில்லை.

நம்மை வாய் திறக்க விடாதது எது?

இது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பட்டாசு, இல்லாவிட்டால் தீப்பெட்டி. பீஸ் கணக்கில் கூலி. வேகமாகச் செய்தால்தான் சோறு. கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் வாங்கிய முன்பணம் கழுத்தில் கிடக்கிறது. ஆபத்து தெரியாமலா போகிறோம்? தெரிந்துதான் போகிறோம். "அவர்கள் விரும்பித்தானே வருகிறார்கள்" என்கிறார்கள். பசியை விருப்பம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்யலாம்?

தொழிலை மூடச் சொல்ல நான் வரவில்லை. மூடினால் முதலில் பட்டினி கிடப்பது நாம்தான். ஆனால் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

வேலைக்குப் போகுமுன், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, நடத்துவது யார் என்று கேட்டு வையுங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, இ.எஸ்.ஐ. உண்டா என்று பாருங்கள். பெயர் இல்லாதவன் செத்தால் கணக்கிலும் வரமாட்டான். துக்க வீட்டில் நீட்டப்படும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இழப்பீடு எவரும் போடும் பிச்சையல்ல. 1923 முதல் இந்த நாட்டின் சட்டத்தில் உள்ள உரிமை. ஆபத்தான தொழில் நடத்துகிறவன், கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அச்சங்குளம் வழக்கைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்து, இறந்தவர் குடும்பத்திற்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. "பணம் வாங்கிவிட்டீர்களே, பிறகென்ன வழக்கு?" என்று கேட்பார்கள். ஏமாறாதீர்கள்! இழப்பீடு வேறு, குற்ற வழக்கு வேறு. பணம் குடும்பத்தின் உரிமை. தண்டனை நாளை அதே அறைக்குள் நுழையப் போகிற அடுத்த பெண்ணுக்குப் பாதுகாப்பு.

சகோதரர்களே! அடுத்த முறை யாராவது "விபத்து" என்று சொன்னால், திருத்திச் சொல்லுங்கள். பெயரை மாற்றினால்தான் வழக்கு மாறும். வழக்கு மாறினால்தான் அந்த அறையில் பத்துப் பேர் நான்கு பேர் ஆவார்கள்.