வாடையில்லாத மாசு



2020 செப்டம்பரை ரவாங் மறக்காது. நம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த தொழிற்கூடக் கழிவின் வாடை சிலாங்கூர் ஆறுவரை போய், நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வைத்தது. 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளியும் குடமுமாக மக்கள் தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றார்கள். அன்று மூக்கு நம்மைக் காப்பாற்றியது.

நுண்நெகிழிக்கு வாடை கிடையாது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள் அவை: சலவையில் உதிரும் பாலியெஸ்டர் இழை, சாலையில் தேயும் டயர்த் தூள், வெயிலில் நொறுங்கும் பை. மழை பெய்தால் கால்வாய் வழியே ஆற்றுக்குப் போய்விடும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கும் தட்டுப்படாது. ஆய்வகம் எண்ணிச் சொல்லலாம். அந்த எண்ணிக்கை அறிக்கையோடு நின்றுவிடுகிறது. அதை ஊர் பார்க்கும்படி செய்வது, வடிவமைப்பு படித்துப் பட்டம் பெறும் உங்கள் வேலை.

பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் மாண்டி பார்க்கர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். அயர்லாந்தின் கார்க் கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை, நுண்ணுயிர்களைப் போலவே படமெடுத்து, பழைய அறிவியல் நூலின் தோற்றத்தில் 2017இல் புத்தகமாக்கினார். உயிரினம் என்று ரசித்தவர்கள், உண்மை தெரிந்ததும் திடுக்கிட்டார்கள்.

நமக்கும் வழி இருக்கிறது. ஆற்று நீரை மெல்லிய வலையில் வடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் இலைதழைகளைக் கரைத்து, நைல் ரெட் சாயம் ஏற்றுங்கள். நீல ஒளியில், ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தால் பல பிளாஸ்டிக் துகள்கள் சுடர்விடும்; அதைப் படமெடுங்கள். ஆனால் எஞ்சிய கொழுப்பும் அப்படியே ஒளிரும்; கறுத்த டயர்த் தூள் ஒளிராமலே போகலாம். வேதியியல் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்காக ஒரு புள்ளியும் சேர்க்காதீர்கள். ஒரு புள்ளி பொய்யென்றால், மாசுபடுத்தியவர் படம் முழுவதையும் பொய் என்பார்.

கோலாலம்பூர்க் கலைக்கூடம் பிறகு இருக்கட்டும். முதலில் அந்தப் படங்களை ரவாங் காலைச் சந்தையில் வையுங்கள். அடுத்து கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோங்கள். நாம் கழித்துவிடும் நீர்தான் கம்போங் குவாந்தான் மின்மினி மரங்களைத் தொட்டுக் கடல் சேர்கிறது. அங்கே கெராங் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். ஆற்றின் மேற்பகுதி நீரின் படத்தையும் கீழ்ப்பகுதி நீரின் படத்தையும் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். எடுத்த நாள், இடம், வலைக்கண் அளவு மூன்றையும் மலாய், சீனம், தமிழில் எழுதுங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆற்றங்கரையில் என்னென்ன இருக்கின்றன என்று மீன் வாங்க வந்தவர்களே கேட்கட்டும்.