கூரைக்கு வரும் பனல் எந்த வழியால் வருகிறது?



நூற்றாண்டு நினைவாக விடுதிக் கூரையில் சோலார் பனல் பூட்டுவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. அதைப்பற்றிப் பேச ஒரு பொறியியலாளரை அழைக்காமல் வைத்தியர்களாகிய எங்களை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் கேட்டீர்கள். சாமான் வராமற் போனால் என்ன நடக்கும் என்பதை வாட்டில் நின்று காண்பவர்கள் நாங்கள் என்பது காரணமாக இருக்கலாம்.

ஒரு புயலிலிருந்து தொடங்குகிறோம். 2024 செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அங்கே மரியன் என்ற சிற்றூருக்கு அருகில் பக்ஸ்டர் நிறுவனத்தின் சேலைன் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்க வைத்தியசாலைகளின் சேலைன் வகைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஓர் இடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஆலைக்குள் வெள்ளம் புகுந்ததும் பல வைத்தியசாலைகள் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. கனடா, அயர்லாந்து, சீனா என்று வெளிநாடுகளிலிருந்து அவசரமாக இறக்கினார்கள். அவ்வளவு பணக்கார நாட்டிலே, உப்புத்தண்ணீருக்கு!

அதே புயல், மரியனிலிருந்து ஒரு மணித்தியாலம்கூட ஓடத் தேவையில்லாத ஸ்புரூஸ் பைன் என்ற ஊரையும் அடித்தது. அங்கே கிடைக்கும் குவாட்ஸ் கல் மிகமிகத் தூய்மையானது. சிலிக்கனை உருக்கும் புடக்குகையின் உட்படையைச் செய்ய அதைப் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். ஆகவே எந்த நாட்டில் பொருத்திய பனலானாலும், அதன் பிறப்பில் இந்த மலையூருக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். சுரங்கங்கள் சில வாரங்களில் மீண்டும் இயங்கின. அதனால் இந்தச் செய்தி பலருக்குத் தெரியாமலே போயிற்று.

பனல் என்பது ஒரே ஆலையில் பிறக்கும் பொருளல்ல. கல்லிலிருந்து சிலிக்கன் எடுத்து, அதைத் தூய்மையாக்கிப் பொலிசிலிக்கன் ஆக்கி, உருக்கிக் கட்டியாக வளர்த்து, கட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, தகட்டைக் கலமாக்கி, கலங்களைக் கண்ணாடிக்குக் கீழே அடுக்கவேண்டும். இந்தப் படிகள் எல்லாவற்றிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று சர்வதேச சக்தி முகவரகம் 2022 இல் கணக்கிட்டது. தகடு சீவுவதில் ஏறத்தாழ முழுவதும் அங்கேதான். உலகில் செய்யப்படும் ஏழு பனல்களில் ஒன்று ஒரே ஆலையிலிருந்து வருகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. 2020 இல் சின்ஜியாங்கில் ஒரு பொலிசிலிக்கன் ஆலை வெடித்தது. கேள்வியும் கூடிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டுக்குள் பொலிசிலிக்கன் விலை பல மடங்காயிற்று.

சீனாவைக் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் விலையை இறக்கியிராவிட்டால் எங்கள் சங்கம் பனலைப்பற்றி யோசித்தே இருக்காது. ஆனால் உற்பத்தியைப் பல நாடுகளுக்குப் பரப்புவதென்றால் எந்தப் படியைப் பரப்புவது என்று கேட்கவேண்டும். கலங்களை அடுக்கிப் பனலாக்கும் கடைசிப் படிதான் இலகு. பல நாடுகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. கலமும் தகடும் பழைய இடத்திலிருந்தே வந்தால், பெயர்ப்பலகை மாறியதே தவிர ஆபத்து மாறவில்லை. பார்மசியில் ஒரே மருந்து பத்துப் பெயரில் இருக்கும். மூலப்பொருள் தட்டுப்பட்டால் பத்தும் ஒரே கிழமையில் இல்லாமற்போகும். அதே கதைதான்.

மேற்படிகளுக்கு இறங்குவது கடினம். பொலிசிலிக்கன் செய்ய மின்சாரம் ஏராளமாக வேண்டும். மலேசியாவின் சரவாக்கில் நீர்மின்சாரம் இருப்பதால் அங்கே ஓர் ஆலை நிற்கிறது. இந்தியா 2021 இல் 4,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்து, இந்தப் படிகளையும் சேர்த்துச் செய்வோருக்கு முன்னுரிமை கொடுத்தது. மறுபக்கம், ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் இருந்த பனல் ஆலை விலைப்போட்டியில் தாக்குப்பிடிக்காமல் 2024 இல் மூடப்பட்டது. இரண்டாவது வழியைத் திறந்து வைத்திருக்கச் செலவாகும், அதை யாரோ கொடுத்தாகவேண்டும். (எங்கள் நாட்டிலும் நல்ல குவாட்ஸ் உண்டு. கல்லாக ஏற்றுவதற்கும் தூய்மையாக்கி விற்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, விஞ்ஞானப் பிரிவுத் தங்கைமார் கவனிக்கலாம்.)

வழி மூடப்படுவது எங்கள் வயதினருக்குப் புதிதல்ல. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 2022 இலும் நாடு முழுவதும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு வந்த நாட்கள் உண்டு. அப்போது மருந்தும் இல்லை.

இனி எங்கள் கூரைக்கு வருவோம். உலகச் சங்கிலியை நாங்கள் திருத்த முடியாது. எங்கள் முனையை இறுக்கிக் கட்டலாம். பனல் இருபத்தைந்து வருடம் நிற்கும். முதலில் பழுதாவது இன்வேர்ட்டர்தான். ஆகவே விலைமனு தருபவரிடம் கேளுங்கள்: இன்வேர்ட்டர் போனால் மாற்று எங்கே இருக்கிறது, கொழும்பிலா, கப்பலிலா? வேறு கம்பனியின் இன்வேர்ட்டர் இந்தப் பனலோடு ஒத்துப்போகுமா? மின்சார சபையின் மின்சாரம் நின்றால் பற்றறியிலிருந்து விடுதிக்கு வெளிச்சம் வருமா, அல்லது எல்லாமே நின்றுவிடுமா?

மூன்று விலைமனுக்கள் வந்திருக்கின்றன. அதிகம் கேட்டவர்தான் ஒரு மேலதிக இன்வேர்ட்டரும் பற்றறியும் தந்து, ஊரிலேயே திருத்துநரும் வைத்திருக்கிறார். நாங்கள் அவரையே ஆதரிக்கிறோம். கூடுதலாக வரும் தொகையில் பாதியை எங்கள் வகுப்பு வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கிறோம். மற்றப் பாதிக்குப் பொருளாளர் அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது; வெளிநாட்டில் இருக்கும் வகுப்புகளின் பெயர்கள் இன்னும் அதில் ஏறவில்லை.