நிற்கும் மரத்துக்கு என்ன விலை?

பினாங்கு வீடுகளின் குழாய்களில் வரும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்று நீர். அந்த ஆறு பிறப்பதோ அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில்.

2021-இல் கெடா ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கேட்டது. தன் எல்லைக்குள் ஓடிவரும் ஆற்றுக்கு எதற்குப் பணம் என்று பினாங்கு மறுத்தது.

உண்மையில் விலை பேச வேண்டியது நீருக்கல்ல, காட்டுக்கு. மழைநீரைப் பிடித்து வைத்து, மழையில்லாத மாதங்களிலும் ஆற்றுக்கு விடுவது காடு. மண் கரைந்து அணையில் படியாமல் தடுப்பதும் அதுவே. ஆனால் மரத்தை வெட்டினால் கெடாவுக்கு உடனே வருமானம். நிற்க விட்டால் அந்த வருமானம் இல்லை.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? வெட்டாததால் கெடா இழப்பது ஒரு பக்கம். காடு அழிந்தால் கலங்கிய நீரைச் சுத்திகரிக்கவும் வேறிடத்திலிருந்து நீர் கொண்டுவரவும் பினாங்குக்கு ஆகும் செலவு மறுபக்கம். முன்னதற்குக் குறைந்தால் கெடா சம்மதிக்காது. பின்னதற்கு மேல் போனால் பினாங்கு சம்மதிக்காது. நியாயமான தொகை நடுவில் இருக்கிறது.

பணம் மட்டும் போதாது, நிபந்தனையும் வேண்டும். சீனாவில் சின்ஆன் ஆற்றைப் பகிரும் ஆன்ஹுய், செஜியாங் மாநிலங்கள் 2012-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. எல்லையில் நீரின் தரத்தைச் சோதிப்பார்கள். தொடக்கத்தில், நன்றாக இருந்தால் கீழே உள்ள செஜியாங் ஆண்டுக்கு 10 கோடி யுவான் தர வேண்டியிருந்தது. கெட்டுப்போனால் மேலே உள்ள ஆன்ஹுய் அதே தொகையைத் தர வேண்டியிருந்தது.

அத்தகைய உடன்பாடு வந்தால் பணம் கேட்கும் உரிமை கெடாவுக்கு உண்டு. காடு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை பினாங்குக்கும் உண்டு. குழாய் வறண்ட பிறகு பேச என்ன இருக்கிறது?