"கொழும்புக்கு வரட்டோ, அக்கா?"

(நூற்றாண்டு விழாவில், சங்கத்தின் கொழும்புக் கிளை சார்பில் கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொழும்புக் கிளைக்குக் கால்மணி நேரம் தந்திருக்கிறீர்கள். கிளையின் ஆண்டறிக்கையைப் படித்து அதை வீணாக்க நாங்கள் விரும்பவில்லை. எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விக்கு இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். பரீட்சை முடிவு வந்ததும், பட்டம் கிடைத்ததும், வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்ததும் எங்கள் தொலைபேசி அடிக்கும். "அக்கா, நான் கொழும்புக்கு வரட்டோ?"

பல வருடங்களாக இதற்கு நாங்கள் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தோம். "வா பிள்ளை, அறை பாத்துத் தாறம்." யோசிக்காமல் சொன்ன பதில் அது. ஏன் யோசிக்கவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும்.

எங்கள் கிளையில் மூத்தவர்கள் யாழ்தேவியில் வந்தவர்கள். 1956 இல் அந்த ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் ஒரு பகல் பயணமாகிவிட்டது. எழுதுவினைஞர் பரீட்சையில் தேறியும், பயிற்சிக்கும், கலியாணம் முடித்தும் வந்தார்கள். வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை, மாதம் முடிய ஊருக்கு மணியோடர், நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு. அவர்கள் கொழும்பில் வேலை செய்தார்கள், ஊரில் வாழ்ந்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு அவர்களிலே பலர் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். திரும்பிப் போவதா என்று நின்று யோசிக்க அப்போது யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. சம்பளம் அங்கே இருந்தது, போனார்கள்.

அடுத்து வந்தவர்கள் வேறு விதமாக வந்தோம். 1990 இல் ரயில் நின்றுபோனது. கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகில் கடந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் குடாநாடே நடந்தபோது எங்களில் பலர் இந்தக் கல்லூரியின் சீருடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவர்கள். அப்படி வந்து கொழும்பில் லொட்ஜ் அறைகளில் குடும்பமாக இருந்தோம். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, வெளிநாட்டுக்கு விசா வரும்வரை காத்திருப்பு. ஏ9 வீதி 2002 இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது. போர் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது.

எங்கள் தலைமுறை கொழும்பை நிறுத்துப் பார்த்து வந்ததில்லை. ஒன்றில் சம்பளம் இழுத்தது, இல்லாவிட்டால் ஷெல் துரத்தியது. அதனால்தான் யார் கேட்டாலும் "வா" என்று சொல்லப் பழகியிருந்தோம். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே, இருந்தும் பார்க்கலாம், போயும் பார்க்கலாம், திரும்பியும் வரலாம் என்ற நிலை நெடுங்காலத்துக்குப் பிறகு உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதை எங்களைப்போல அவசரத்தில் செலவழித்து விடாதீர்கள்.

சரி, தராசில் எதை எதை வைப்பது?

முதலில் தொழில். சில தொழில்களுக்குக் கொழும்பைத் தவிர்க்க முடியாது. சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அங்கேதான். வைத்தியர்கள் விசேட நிபுணராவதற்கான பட்டப்பின் படிப்பு நிறுவனம் அங்கே. வங்கிகளின் தலைமை அலுவலகங்களும், பெரிய கணக்காய்வு நிறுவனங்களும், கணினி நிறுவனங்களில் பெரும்பாலானவையும் அங்கே. இந்தத் துறைகளுக்குப் போகிற பிள்ளை சில வருடமாவது வரத்தான் வேண்டும். ஆனால் படிப்பென்றால் கொழும்பு அல்லது பேராதனை என்றிருந்த காலம் 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியதோடு மாறிவிட்டது. இன்று பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சியில் படிக்கலாம். ஆசிரியை, தாதி, கிராம அலுவலர் என்று ஊருக்கு ஊர் தேவைப்படுகிற வேலைக்குக் கொழும்பு ஒரு படி மேலே அல்ல. அதே வேலை, தூரம்தான் கூட.

இரண்டாவது பணம். சம்பளத் தொகையைக் கேட்டு மயங்காதீர்கள், மாத முடிவில் கையில் மிஞ்சுவதைக் கேளுங்கள். அறை வாடகை, அதற்கு முன்பே கட்டவேண்டிய முற்பணம், தண்ணீர்க் கட்டணம், சாப்பாட்டுப் பார்சல், முச்சக்கரவண்டி, மாதத்தில் ஒருமுறை ஊருக்கு வர இரவு பஸ். "பெண் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று விளம்பரம் போடும் வீடுகளில் சமைக்கக் கூடாது, எட்டு மணிக்குப் படலை பூட்டப்படும் என்ற விதிகளும் இருக்கும். இங்கே கிணற்றில் அள்ளுகிற தண்ணீருக்கும் வேலியில் ஒடிக்கிற முருங்கைக்காய்க்கும் நாங்கள் கணக்கு எழுதியதே இல்லை. கொழும்பில் களனி கங்கைத் தண்ணீர் குழாயில் வருகிறது, பின்னாலேயே பில்லும் வருகிறது.

2022 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்வெட்டு நாளுக்குப் 13 மணித்தியாலம்வரை போனது. காஸ் சிலிண்டருக்கு வீதி நீளத்துக்கு வரிசை. தொடர்மாடியில் கரண்ட் போனால் லிப்ட் நிற்கும், மோட்டர் நிற்கும், மேல்தாங்கி வெறுமையாகும். ஐந்தாம் மாடியில் விறகு மூட்ட முடியாது. அந்த நாட்களில் ஊரிலிருந்து அம்மாமார் தொலைபேசி எடுத்து, "நாங்கள் அடுப்பு மூட்டிப் புட்டு அவிச்சாச்சு, நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. நகரம் எல்லாவற்றையும் தரும், வாங்கக் கிடைக்கும்வரை.

மூன்றாவதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

எங்கள் கிளையில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவரைப் பிரிந்து, கைக்குழந்தையோடு கொழும்புக்கு வந்தவர். ஊரில் கோயிலுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும், "அவர் எங்கை? எப்ப வாறார்?" என்ற கேள்வி. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அனெக்ஸில் இருந்து வேலைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் படிப்பித்தார். அவர் எங்களிடம் சொன்னது: "இஞ்ச என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை. அதாலதான் நான் உயிரோட இருக்கிறன்."

அதே வீதியில், நான்கு வீடு தள்ளி, எங்கள் இன்னொரு அங்கத்தவரின் தாயார் இருந்தார். மகள் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போக, காலை ஏழு மணியிலிருந்து மாலைவரை தனியே பல்கனியில் இருப்பார். ஊரில் இருந்தபோது படலையைத் திறந்தால் பத்துப் பேருடன் கதைத்தவர். நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்னதும் அதேதான்: "பிள்ளை, இஞ்ச என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை."

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஒருவருக்கு அது மருந்து, மற்றவருக்கு அதுவே நோய். இதைக் கேட்ட பிறகுதான் "கொழும்பு நல்லதா, ஊர் நல்லதா" என்ற பட்டிமன்றத்தை எங்கள் கூட்டங்களில் நிறுத்தினோம். எந்தத் தட்டில் வைப்பதென்று உங்கள் மாமாவும் சொல்ல முடியாது, நாங்களும் சொல்ல முடியாது. வரப்போகிறவள் யார், அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தே தட்டு இறங்கும். பெற்றோரைக் கூட்டிவர நினைப்பவர்கள், அவர்களுக்கென்று தனியாக ஒரு தராசு பிடியுங்கள். உங்கள் தராசில் அவர்களை ஏற்றாதீர்கள்.

நான்காவது, விட்டுவிட்டுப் போகிற வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளையின் சீதனம். அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு, அம்மாவினது மகளுக்கு. ஆகவே அதைப் பூட்டிவிட்டு வருவதும் பெண்களின் கணக்குத்தான். ஒல்லாந்தர் காலத்தில் 1707 அளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை வடக்கில் நிரந்தரமாக வாழும் தமிழருக்குரியது. கொழும்பிலே நிலைத்துவிட்டவருக்கு அது பொருந்துமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் பலமுறை போயிருக்கிறது. மணமான பெண் தன் வீடு வளவைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பங்குக் காணியென்றால் வெளியாருக்கு விற்கமுன் பங்காளருக்கு அறிவிக்கவேண்டும். எங்களில் பலருக்கு இதெல்லாம் தெரிந்தது பிரச்சினை வந்த பிறகுதான். நீங்கள் உறுதியை எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு வாருங்கள். திறப்பை யாரிடமாவது கொடுத்து, மாதம் ஒருமுறை வீட்டைத் திறந்து கூட்டச் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டைக் கறையான் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாவது மொழி. சிங்களம் தெரியாமல் கொழும்பில் வாழலாம், வெள்ளவத்தைக்குள் மட்டும். பொலிஸ் நிலையத்திலும், வைத்தியசாலை விடுதியிலும், பஸ் கொண்டக்டரிடமும் பேச முடியாமல் நின்ற வெட்கம் எங்களுக்குத் தெரியும். அரச சேவையில் சேர்ந்தால் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி வேண்டும். வருவதற்கு முன்பே படிக்கத் தொடங்குங்கள். மொழி வந்தபிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு அக்காவானார்.

இனி, சொல்ல வெட்கமான ஒன்றையும் சொல்லவேண்டும். 2017 இல் நாடெங்கும் டெங்கு பரவிய காலம். எங்கள் பேச்சைக் கேட்டு வந்த பிள்ளை ஒருத்தி வேலையில் சேர்ந்து ஆறு மாதம். காய்ச்சலோடு அறையில் இரண்டு நாள் தனியே கிடந்திருக்கிறாள். மூன்றாம் நாள் வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தி தேடிப் போய் வைத்தியசாலையில் சேர்த்தாள். தாய்க்குச் செய்தி போய், தாய் இரவு பஸ் ஏறி, அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நாங்கள் இருந்தது அவளுடைய அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். பிள்ளை பிழைத்துவிட்டாள். "ஏன் எங்களுக்கு ஒரு கோல் எடுக்கேல்லை?" என்று கேட்டோம். "உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு நினைச்சன், அக்கா" என்றாள்.

"வா" என்று கூப்பிட்டவர்கள் நாங்கள். வந்த பிறகு ஒருநாளாவது போய்ப் பார்க்காதவர்களும் நாங்கள்தான். அன்றிலிருந்து கிளையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைக்கு அருகில் இருக்கும் ஒரு மூத்தவர் பொறுப்பு. கிழமைக்கு ஒரு தொலைபேசி, மாதத்தில் ஒரு மதியச் சாப்பாடு. அறை முகவரியும் வீட்டு இலக்கமும் அவரிடம் இருக்கும். யாருடன் போகிறாய், எப்போது கலியாணம் என்று அவர் கேட்கக் கூடாது. சாப்பிட்டாயா, சுகமா என்று மட்டும் கேட்கவேண்டும். ஊரைப்போல அதிகம் கேட்காமலும், நகரத்தைப்போல ஒன்றும் கேட்காமலும் இருக்க நாங்கள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம். சில மூத்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கிறது!

ஆகவே எங்கள் புதிய பதில் இது. "வா" என்றும் சொல்லமாட்டோம், "வராதை" என்றும் சொல்லமாட்டோம். மூன்று மாதம் வந்து இருந்து பார். திரும்பிப் போகவேண்டும் என்று தோன்றினால் போ. அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் எங்களிடம் அனுப்பு. ஊரிலேயே இருக்கத் தீர்மானித்த பிள்ளையிடம், "இன்னும் இஞ்சதான் நிக்கிறியோ?" என்று நாங்கள் இனிக் கேட்கப் போவதில்லை. கடல் கடந்து வந்த சகோதரிகளே, நீங்களும் அப்படிக் கேட்காமலிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கூப்பிடுவதற்கு முன்பு இதே தராசை நீங்களும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

இந்த நூறு வருடத்தில் இங்கிருந்து புறப்பட்டுப் போனவர்களைப் பற்றி மலரில் நிறைய எழுதியிருக்கிறோம். போகாமல் இருந்து, ஷெல் விழுந்த வகுப்பறைகளைத் திரும்பக் கூட்டி, மணி அடித்து, பாடம் நடத்தியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் இருந்ததால்தான் இன்று நாங்கள் திரும்பிவர ஒரு கல்லூரி இருக்கிறது. அவர்களுக்கு எங்கள் கிளையின் நன்றி.

யோசித்து, நிறுத்துப் பார்த்து, வருவதென்று முடிவெடுத்தால் மட்டும் தொலைபேசி எடுங்கள். ரயில் விடியப்புறம் வந்தாலும் பரவாயில்லை. கோட்டைப் புகையிரத நிலையத்தில் எங்களில் ஒருவர் நிற்போம்.