உபரி மின்சாரமும் நகரத்தின் தொட்டிகளும்

துணைவேந்தர் அவர்களே, மின்வாரியத்திலிருந்தும் குடிநீர் வாரியத்திலிருந்தும் வந்திருக்கும் பொறியாளர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

குடிநீர் வாரியத்தாரைத் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. மின்சாரம் பற்றிப் பேச நாம் கூடும்போதெல்லாம் அவர்களை அழைக்க மறந்துவிடுகிறோம். ஆனால் காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைச் சென்னை மாநகரம் வீணாக்காமல் பயன்படுத்த வேண்டுமானால், அதற்கான சாவிகளில் பெரியது அவர்களிடம்தான் இருக்கிறது. இன்று நான் வலியுறுத்த வந்ததும் அதைத்தான்.

1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சில காற்றாலைகளோடு தொடங்கிய தமிழ்நாடு, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் கொண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று நமக்கு வாய்த்த பெரும்பேறு. சூரிய மின்சாரமும் வேகமாக வளர்ந்துவிட்டது. உற்பத்தி இப்படிப் பெருகியும், நாம் மின்சாரத்தைச் செலவிடும் நேரம் பழைய நேரமாகவே இருக்கிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. கோடை இரவுகளில் ஏசி ஓடாத தெரு சென்னையில் அரிது. அந்த நேரத்தில் சூரியன் இல்லை. வெளிச்சந்தையில் மின்சாரம் விலை அதிகம். நண்பகலிலோ நிலைமை தலைகீழ்; மின்சாரம் மிஞ்சிப்போகிறது. சூரிய மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது தொடர்பான தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எரிபொருள் செலவே இல்லாமல் கிடைக்கும் மின்சாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சில மணி நேரம் கழித்து நிலக்கரியை எரிக்கும் நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்தச் சிக்கலை டென்மார்க் நமக்கு முன்பே சந்தித்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட அந்நாடு, 1979-இல் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. எந்தப் பகுதியை எப்படிச் சூடாக்குவது என்று திட்டமிடும் கடமை நகராட்சிகளிடம் வந்தது. இன்று அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குத் தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்வழியே வெந்நீர் வருகிறது. பலத்த காற்று வீசும் நாட்களில் மின்கொதிகலன்களும் வெப்ப இறைப்பான்களும் உபரி மின்சாரத்தை வெந்நீராக்கிப் பெருந்தொட்டிகளில் சேர்த்துவைக்கின்றன. எஸ்பியர் துறைமுக நகரில் கரியால் இயங்கிய மின்நிலையம் மூடப்பட்டு, கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பெரிய இறைப்பான்கள் நகருக்கு வெப்பம் தரும் வேலையை ஏற்றிருக்கின்றன. மின்சாரத்துறையும் வெப்பத்துறையும் ஒரே கணக்கில் வந்ததால் இது கைகூடியது.

நமக்கு வெந்நீர்க் குழாய்கள் வேண்டாம். நாம் சேர்த்துவைக்க வேண்டியவை குளிரும் தண்ணீரும்.

குளிரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் மரினா பே பகுதியில் 2006 முதல் நிலத்தடி நிலையங்கள் குளிர்ந்த நீரைத் தயாரித்துப் பல கட்டடங்களுக்கு அனுப்புகின்றன. அவ்வளவு தொலைவு போவானேன்? 2000-இல் திறக்கப்பட்ட தரமணி டைடல் பூங்கா, குளிர்ச் சேமிப்புத் தொட்டிகளோடுதான் கட்டப்பட்டது. இரவில் குளிரைச் சேர்த்துப் பகலில் செலவிடுவதே அத்தகைய தொட்டிகளின் வழக்கம். அன்றைய மின்தொகுப்புக்கு அது பொருத்தம். இன்று அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். நண்பகல் வெயிலில் சேர்த்த குளிரை மாலை ஆறு மணிக்குமேல் செலவிட வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் எழும் ஒவ்வொரு அலுவலக வளாகத்துக்கும், ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் இதை வரைபட நிலையிலேயே கேட்கலாம்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் திறக்கப்பட்ட இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் குடிநீர் தரவல்லவை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் என்று வைத்தால், முழுத்திறனில் தினமும் ஏழரை லட்சம் முதல் பத்து லட்சம் யூனிட் வரை செலவு. இவற்றை நினைத்த நேரத்தில் நிறுத்தி ஓட்டலாம் என்று கட்டுரைகளில் எழுதுவது எளிது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உப்பைப் பிரிக்கும் சவ்வுகள் சீக்கிரம் கெடும் என்பதை அங்கே வேலை செய்பவர்கள் அறிவார்கள். ஆகவே நிலையங்களை ஓரளவு ஏற்றி இறக்குவதோடு நிறுத்திக்கொண்டு, நீரேற்று நிலையங்களின் நேரத்தை மாற்றுவதில் கவனம் வைப்போம். நீர்த்தேக்கத் தொட்டிகளைக் கூடுதலாகக் கட்டினால் பகலில் ஏற்றி இரவில் இறக்கலாம். கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர் மறுசுத்திகரிப்பு நிலையங்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய வேண்டும்.

வீடுகளை மறக்கலாகாது. சம்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இல்லாத வீடு இந்நகரில் குறைவு. காலை ஆறு மணிக்கு, மின்தேவை ஏறும் அந்த நேரத்தில், லட்சக்கணக்கான மோட்டார்கள் ஓடுகின்றன. அவை பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடினால் யாருக்கும் குளியல் தவறாது. தேவைப்படுவது ஒரு சின்ன டைமரும், அதை வைக்கத் தூண்டும் கட்டணமும்தான்.

கட்டணம் என்னும்போது என் கவலையைச் சொல்லியாக வேண்டும். நம் உயரழுத்த நுகர்வோருக்கு நீண்ட காலமாக இரவு பத்து முதல் காலை ஐந்து வரை தள்ளுபடி கிடைத்துவந்தது. அது நிலக்கரிக் காலத்து ஏற்பாடு. மத்திய அரசு 2023-இல் திருத்திய விதிகள், சூரிய ஒளி மணிகளில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தச் சலுகை தொழிற்சாலை வாயிலோடு நில்லாமல் நீரேற்று நிலையத்துக்கும், குளிர்ச் சேமிப்புக்கும், 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து ஓடத்தொடங்கிய மின்பேருந்துகளின் பகல்நேர சார்ஜிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்க மின்கலங்களும் குந்தா நீரேற்று மின்திட்டமும் தேவையே. ஆனால் அவற்றுக்குக் கோடிகளைச் செலவிடும் அதே வேளையில், ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் தொட்டிகளைச் சும்மா விடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி மாதிரிகளில் இந்த நகரத்தை ஒற்றை மின்சுமையாக வைக்காதீர்கள். எந்த நீரேற்று நிலையம், எத்தனை மணி நேரம் தள்ளிப்போகலாம், எந்தத் தொட்டி எவ்வளவு தாங்கும் என்று களத்துக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். இரு வாரியத்துப் பொறியாளர்களும் தங்கள் மணிவாரிப் பதிவுகளை இம்மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுகள் இல்லாமல் எங்கள் ஆய்வு ஓர் அடிகூட நகராது.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வு நீரேற்றம் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.